நினைவு மலர்ப் பெட்டிகளும் நூலகர் பதவியும்

எங்கள் நூலகத்தில் நிகழ்ந்த பதவிப் பிணக்கைப் பற்றி எழுதித் தருமாறு நூலகப் பயிற்சி வகுப்பினர் சிலர் என்னைக் கேட்டனர். அந்தப் பிணக்கு ஊரில் ஏற்கெனவே இரண்டு வடிவங்களில் வழங்கிவருகிறது. ஒன்றில் நான் பதவிக்கு ஆசைப்பட்டு ஊரைத் தூண்டிவிட்டவள். மற்றதில் வந்த பதவியை வேண்டாமென்று உதறிய உத்தமி. இரண்டாவது வடிவம் கேட்க இனிமையானது; ஆனால் முதலாவதைப் போலவே பிழையானது.

ஆகையால் என் கண்ணால் கண்டவற்றையும், காதால் கேட்டவற்றையும், இன்றும் கோப்பில் எடுத்துப் பார்க்கக்கூடியவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். உரையாடல்களில் சொல்லுக்குச் சொல் நினைவில் நிற்பனவற்றைத் தருகிறேன், எஞ்சியவற்றை விட்டுவிடுகிறேன். இவ்வளவு கண்டிப்பு எதற்கென்று வாசிப்பவர் கேட்கலாம். ஒருவர் செய்யாத செயலை அவரே செய்தார் என்று ஊர் முழுவதும் நம்பியதால் எழுந்த பிணக்கு அது. அதைப் பற்றி எழுதும்போது இன்னொருமுறை எவர் மீதும் ஊகத்தை ஏற்றுவது தகாது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். உரும்பிராயிலிருந்து துவிச்சக்கர வண்டியில் கால்மணி நேரத்தில் வந்து சேரலாம் என்பது போதும்.

என் படிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பண்டிதர் வகுப்பில் இலக்கணம் கற்றேன். சனி, ஞாயிறுகளில் நகரத்துக்குப் போய் நூலகப் பயிற்சி நெறியொன்றை முடித்தேன். பிரதேச சபையின் கீழிருந்த எங்கள் ஊர் நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, அதே நூலகத்தில் உதவியாளராகவே ஓய்வு பெற்றேன். நூலகராக உயர்வதற்குரிய மேல்தரத் தேர்வை எழுதாமல் விட்டது என் சோம்பலேயன்றி வேறெவர் குற்றமும் அன்று.

நான் சேர்ந்தபோது நூலகராக இருந்தவரை இங்கே நடராசா என்று குறிப்பிடுகிறேன். ஒரே ஒரு நாளைத் தவிர, அவர் வாய்மொழியாகக் கட்டளையிட்டதை நான் கண்டதில்லை. பழைய நாட்காட்டித் தாள்களை நான்காகக் கிழித்து அடுக்கி வைத்திருப்பார். சொல்ல வேண்டியதை அதன் வெள்ளைப் புறத்தில் எழுதி, திகதியிட்டு, ஒப்பமிட்டு என் மேசையில் வைத்துவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்புவார். இருவருக்குமிடையே ஆறடி தூரந்தான். அந்த ஆறடியை அவர் எழுத்தினாலேயே கடந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், வெளிநாட்டிலிருந்து ஒருவர் அன்பளிப்பாக அனுப்பிய நூல்களைப் பதிவேட்டில் ஏற்றினேன். பெட்டியைத் திறக்குமுன்னரே, உடன் வந்த பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டேன். பட்டியலில் இருந்த ஒரு நூல் பெட்டியில் இல்லை. நடராசா அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சிவப்பு மைப் பேனையை நீட்டினார்.

"இந்தப் புத்தகம் வந்தது எண்டு எழுதியிருக்கிறீர். கண்டனீரோ?"

"இல்லை, சேர். பட்டியலிலை இருந்தது."

"அப்ப நீர் கண்டது பட்டியலை. பட்டியல் வந்தது எண்டெல்லோ எழுதியிருக்க வேணும்?"

அந்த வரியைச் சிவப்பு மையால் ஒற்றைக் கோடிட்டு வெட்டினேன். அடியிலிருப்பது தெரியும்படி வெட்ட வேண்டும் என்பது ஒழுங்கு. பக்கத்தில் காரணம் எழுதினேன், ஒப்பமிட்டேன், அவரும் ஒப்பமிட்டார். பிழையை அழிப்பதற்கு எங்கள் தொழிலில் இடமில்லை. செய்த மாற்றம் எதுவாயினும் யார் செய்தார், எப்போது செய்தார், ஏன் செய்தார் என்று எழுதியே ஆகவேண்டும். நூல்களுக்கு உறை மாற்றினால்கூட உறையின் உள்மடிப்பில் சிறிய எழுத்தில் திகதி குறிக்கும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தியிருந்தார்.

இனி நினைவு மலர்கள். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அவருடைய குடும்பத்தார் அச்சிட்டு வழங்கும் சிறு நூலை எங்கள் ஊரார் கல்வெட்டு என்பர். அதில் இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, வமிசாவழி, தேவாரங்கள், மருமக்களின் புலம்பல் எல்லாம் இருக்கும். இன்ன மாதத்தில் இன்ன பக்கத்தில் இன்ன திதியில் இறந்தார் என்பதைச் சொல்லும் திதி வெண்பாவும் தவறாது இருக்கும். பின்னர் ஆண்டுத் திவசத்துக்கு நாள் குறிக்க அந்த வெண்பா வேண்டும். வீட்டுப் பிரதிகள் கறையானுக்கும் போர்க்கால இடப்பெயர்வுக்கும் போய்விட்டமையால், ஊரார் நூலகப் பிரதியைத் தேடி வருவர். எங்கள் நூலகத்தில் அதிகம் கேட்கப்பட்ட நூல் எதுவென்றால், நாவல் எதுவுமன்று. இறந்தவர்களின் இந்த மலர்களேயாம்.

இடப்பெயர்வின்போது உழவு இயந்திரப் பெட்டியில் எதை ஏற்றுவது என்று நடராசா அவர்கள் தீர்மானித்த காலையில் நான் அருகில் நின்றேன். பதிவேடுகளையும் நினைவு மலர்ப் பெட்டிகளையும் ஏற்றச் சொன்னார். கலைக்களஞ்சியத் தொகுதிகளை விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"உது கொழும்பிலையும் இருக்கும், லண்டனிலையும் இருக்கும். இது இஞ்சை மட்டுந்தான்," என்றார்.

கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன். பெட்டிகள் போயின, பின்னர் திரும்பியும் வந்தன.

அந்தப் பெட்டிகளை அவர் அடுக்கிய முறையை இங்கே சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவு அலுமாரியொன்றில் மூன்று தட்டுகள். ஊரின் பகுதிகளான குறிச்சிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் குடும்பம் குடும்பமாக மலர்கள். கோயிலடிக் குறிச்சி மேல்தட்டில். பாடசாலைக் குறிச்சியும் வேறிரண்டும் நடுத்தட்டில். ஊரின் தென்கிழக்கு மூலையில் உள்ள குறிச்சி கீழ்த்தட்டில். அந்த மூலையில் வாழ்ந்தோர் எந்தச் சாதியார், கோயிலடியில் வாழ்ந்தோர் எந்தச் சாதியார் என்பதை ஊரவர் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. என் குடும்பத்து மலர்கள் மேல்தட்டில் இருந்தன. பல ஆண்டுகள் அந்த அலுமாரியைத் திறந்து மூடியிருக்கிறேன். தட்டுகளைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. மேல்தட்டில் இருப்போருக்கு அது எளிது.

நடராசா அவர்கள் ஓய்வு பெற்றபின் சில மாதங்கள் நூலகர் நியமிக்கப்படவில்லை. நூலகருக்குப் பதிலாகப் பொறுப்பைப் பார்க்கும் பதில் கடமை எனக்கு வந்தது. அக்காலத்தில் ஒருநாள் மேசன் வேலை செய்யும் தவராசா என்பவர் தம் தாயாரின் மலரைப் பார்க்க வந்தார். அறுபதை நெருங்கியவர், மூட்டு வலி உள்ளவர். அலுமாரியின் முன் முழங்காலிட்டுக் கீழ்த்தட்டுப் பெட்டியை இழுத்தார். எழும்பும்போது என் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கலாமோ? எங்கடை ஆக்களுக்கு ஏன் எப்பவும் அடித்தட்டு?"

பெட்டியை நான் வாங்கி மேசையில் வைத்தேன்.

"எங்கடை அம்மா உயிரோடை இருக்கேக்கை அவ உங்கடை முற்றம் கூட்டுறதைக் கண்டிருப்பீர். உங்கடை வீட்டிலை அவ நிமிர்ந்து நிண்டதை ஒருக்காலும் கண்டிருக்க மாட்டீர். செத்தும் அந்தப் பிள்ளை குனிஞ்சுதான் கிடக்கு," என்றார்.

தம் தாயாரையே அவர் பிள்ளை என்று சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறுமொழி தேடியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நூலகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகள் நான்கில் நான் தனியே வந்து பெட்டிகளை மாற்றி அடுக்கினேன். குறிச்சியையும் குடும்பத்தையும் விட்டு, இறந்த நாள் வரிசைப்படி வைத்தேன். ஒரு மாதத்தில் இறந்தோர் எல்லோருக்கும் ஒரு தடித்த தாளுறை; உறையின் மேல் ஆண்டும் மாதமும். கைப்பழக்கத்தால் உள்மடிப்பில் திகதியையும் குறித்தேன். ஆனால் நூலகத் தினக்குறிப்பேட்டில் ஒரு வரியும் எழுதவில்லை. ஏன் செய்தேன் என்று எழுதினால் தவராசாவின் கேள்வியை எழுத வேண்டியிருந்திருக்கும். அதை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. சரியான செயலை முறைகேடாகச் செய்தேன் என்பதே அதைப் பற்றி இன்று எனக்குள்ள தீர்ப்பு.

அடுத்த மாதம் புதிய நூலகர் வந்தார். அவரை நசீமா என்று அழைக்கிறேன். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் குடும்பம். தொண்ணூறாம் ஆண்டில் வடபகுதி முஸ்லிம்களோடு பெற்றோர் வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையாகப் போனவர். புத்தளத்தில் வளர்ந்து, நூலகவியலில் பட்டம் பெற்று, திருமணத்தின்பின் கணவருடன் நகரத்துக்கே திரும்பியிருந்தார். இடிந்து கிடந்த பழைய வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தனர். சுவர்கள் யன்னல் மட்டத்தில் நின்றன. பொறுப்பேற்ற நாளில் காலை முதல் மாலை வரை ஒவ்வொரு பொருளையும் தொட்டுப் பார்த்தே ஏற்றுக்கொண்டார். நான் எத்தனையோ தாள்களில் ஒப்பமிட்டேன்.

ஊரில் முணுமுணுப்பு அன்றே தொடங்கியது. உள்ளூரவளும் மூத்தவளுமாகிய நான் இருக்க, வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தது ஏன் என்றார்கள். நானும் அதைக் கேட்டு மகிழாமலில்லை. ஆனால் முணுமுணுப்புக்குக் கைப்பிடி ஒன்றும் அகப்படவில்லை. ஆவணி மாதத்தில் அதுவும் அகப்பட்டது.

வாசகர் வட்டத்தின் தலைவர் சிவபாதம். ஓய்வு பெற்ற தபாலதிபர். கோயிலடிக் குறிச்சி. நாள்தோறும் ஒன்பது மணிக்கு வந்து, பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தை முதலில் வாசித்து, தெரிந்தவர் எவரும் இறக்கவில்லையென்றால் சிறிது ஏமாற்றத்துடன் முதற் பக்கத்துக்குத் திரும்புவார். அன்று நேரே என்னிடம் வந்தார்.

"பிள்ளை, எங்கடை ஐயாவின்ரை கல்வெட்டை ஒருக்கா எடும். அபரபக்கத் துவாதசியோ திரயோதசியோ எண்டு வீட்டிலை பெரிய சண்டை. மூத்தவன் கனடாவிலையிருந்து துவாதசி எண்டு அடிச்சுச் சொல்லுறான்."

அதுவரை கேட்டவர்களுக்கு மலரை மட்டும் உருவிக் கொடுத்துவந்த நான், அன்று உறையையே எடுத்துக் கொடுத்தேன். அவர் தந்தையாரின் மலரை உருவியபோது, அதனோடு ஒட்டியிருந்த இன்னொரு மலரும் சேர்ந்து வந்தது. தவராசாவின் தாயார். இருவரும் ஒரே கிழமையில் இறந்தவர்கள்.

சிவபாதம் இரண்டு அட்டைப் படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உதென்ன வேலை? ஐயாவும் உவவும் ஒரே உறைக்குள்ளையோ?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் வாய் திறக்குமுன் அவர் நூலகரின் அறைப் பக்கம் திரும்பி, அங்கே இருந்தவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்:

"உவ வந்து இன்னும் ஆறு மாசம் ஆகேல்லை. அதுக்கிடையிலை எங்கடை செத்த ஆக்களைக்கூடக் கலக்கிப் போட்டா! கல்வெட்டு எண்டால் என்னெண்டு தெரியாத ஆக்களைக் கொண்டுவந்து வைச்சால் உதுதான் நடக்கும்."

நசீமா தலையுயர்த்திப் பார்த்தார். மீண்டும் தம் கோப்புக்குத் திரும்பினார். நான் உறையை அலுமாரியில் திருப்பி வைத்தேன்.

இரண்டு நாள்களில் மனு வந்தது. தட்டச்சு செய்யப்பட்ட மூன்று பக்கம், பின்னால் ஒப்பங்கள். நூலகர் ஊர்வழக்கம் அறியாதவர், இறந்தோரின் மதிப்பைக் கெடுத்தார், ஆகையால் அவரை இடமாற்றி, மூத்த உத்தியோகத்தரும் ஊரவருமாகிய யோகேஸ்வரியிடம் தலைமையை ஒப்படைக்க வேண்டும் என்பது சாரம். யோகேஸ்வரி என்று இங்கே எழுதியது என்னை. மூலப் பிரதி சபைக்குப் போயிற்று. ஒரு பிரதி நூலகத்துக்கு.

நசீமா அதைக் கடைசி வரிவரை வாசித்தார். மேல்மூலையில் திகதியிட்டுச் சுருக்கொப்பமிட்டார்.

"அக்கா, இது உள்வந்த கடிதந்தானே? பதிவிலை ஏத்துங்கோ," என்றார்.

உள்வரு கடிதப் பதிவேட்டில் "பொருள்" என்னும் நிரலில் நான் எழுதினேன்: நூலகரை மாற்றக் கோரல். அனுப்பியவர்: வாசகர் வட்டம். எழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்திருக்கிறது. இன்றும் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம்.

சபையின் அலுவலர் நசீமாவுடன் தொலைபேசியில் பேசினார். ஞாயிறு காலை ஊர்க்கூட்டம் வைப்பதென்றும், கூட்டத்தார் பெரும்பான்மையாக விரும்பாவிடில் அவரைத் தீவுப் பகுதிக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லையென்றும் கூறினார். நசீமா அதை என்னிடம் சொல்லும்போது குரலில் மாற்றம் இருக்கவில்லை. வீட்டுக்குக் கூரை போடும் ஆள்களுக்கு அன்று மாலை தொலைபேசியில், "கொஞ்ச நாள் பொறுங்கோ, வேலையைத் தொடங்க வேண்டாம்," என்று அவர் சொல்வதை மட்டும் கேட்டேன்.

இதற்கிடையே ஊர் இரண்டுபட்டது. தென்கிழக்கு மூலையிலிருந்து ஐந்தாறு பேர் தவராசாவுடன் நூலகத்துக்கு வந்தனர். அவர்களும் நசீமாவே பெட்டிகளை மாற்றினார் என்று நம்பினர். அதனாலேயே அவரை ஆதரித்தனர்.

"மிஸ், நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. நாங்கள் நிக்கிறம்," என்று அவரிடம் சொன்ன தவராசா, வெளியே போகும்போது என் மேசையடியில் நின்றார்.

"என்ன தங்கச்சி, உமக்குத்தான் பட்டாபிஷேகமாம்? இவ்வளவு வருசமா இருந்து உம்மாலை ஏலாததை அவ ஆறு மாசத்திலை செய்திட்டா பாத்தீரோ?"

ஆக, செய்யாத ஒன்றுக்காக ஒரு பாதி அவரை விலக்கப் பார்த்தது. செய்யாத அதே ஒன்றுக்காக மறுபாதி அவரைக் காக்கப் பார்த்தது. செய்தவளாகிய நான் இரண்டுக்கும் நடுவில் இரவல் நூல்களுக்குத் திகதி முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

சிவபாதம் என் வீட்டுப் படலையடிக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"பிள்ளை, நீர் கூட்டத்திலை ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. மற்றதை நாங்கள் பாப்பம். வாயைத் திறக்காமல் இருந்தால் காணும்."

என்னிடம் எதிர்பார்க்கப்பட்டது அவ்வளவே. அதை நான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் கொக்குவிலுக்குப் போனேன். நடராசா அவர்கள் அங்கே மகளுடன் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: தட்டுகள், தவராசாவின் கேள்வி, நான்கு திங்கட்கிழமைகள், எழுதாத குறிப்பு. அவர் அமைத்த வரிசையை நான் குலைத்ததைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நான் இப்ப என்ன செய்ய, சேர்?"

"என்னை ஏன் கேக்கிறீர்? நான் ஓய்வு பெற்ற ஆள். அந்த நூலகத்துக்கு இப்ப ஒரு நூலகர் இருக்கிறா. அவவிட்டைச் சொல்லும்."

பிறகு மகளை அழைத்து எனக்குத் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, வாய்க்கால் திருத்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கொக்குவில் புகையிரதக் கடவையைத் தாண்டி வெகுதூரம் வந்தபின்னரே, அவருடைய மறுமொழியில் பிணக்கு முழுவதற்கும் தீர்ப்பு இருந்தமை விளங்கியது. பதவி யாருடையது என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

ஞாயிறு காலை கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகப் போனேன். நசீமா கதிரைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"மிஸ், ஒரு விசயம் சொல்ல வேணும். அந்தப் பெட்டியள்..."

"கூட்டம் முடியட்டும், அக்கா. உந்த மூலைக்கு இன்னும் நாலு கதிரை போடுவமோ?"

நான் கதிரைகளைப் போட்டேன்.

வாசிப்புக்கூடம் நிறைந்தது. கோயிலடியார் யன்னல் பக்கம். தென்கிழக்கு மூலையார் வாயிற் பக்கம். எவரும் சொல்லி அமரவில்லை. சபை அலுவலர் நடுவில். சிவபாதம் எழுந்து, மனுவின் சாரத்தை நல்ல தமிழில் எடுத்துரைத்தார். தவராசா எழுந்தார்.

"ஒரு உறைக்குள்ளை கிடந்ததிலை உங்கடை ஐயாவுக்கு என்ன குறைஞ்சு போச்சு? எங்கடை அம்மா அவரை ஒண்டும் செய்திருக்க மாட்டா!"

"நீர் உதுக்குள்ளை வேறை கதை கொண்டு வராதையும்!"

"வேறை கதையோ? இதுதான் ஒரே கதை!"

"செத்த ஆக்கள் பேசாமல் கிடக்கினம். உங்களுக்குத்தான் இடம் காணாமல் கிடக்கு," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தனர். அலுவலர் மேசையைத் தட்டி, நூலகர் ஏதும் சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். நசீமா இல்லை என்று தலையசைத்தார். கை உயர்த்துவோர் உயர்த்தலாம் என்றார் அலுவலர்.

நான் எழுந்தேன்.

"பெட்டியளை மாத்தினது மிஸ் இல்லை. நான்."

சிவபாதம் என்னை இரக்கத்துடன் பார்த்தார். "பிள்ளை, உம்மடை நல்ல மனசு விளங்குது. அதுக்காக அவவைக் காப்பாத்தப் பொய் சொல்லத் தேவையில்லை."

"அண்ணை, நாப்பது வருசம் விலாசம் வாசிச்ச ஆள் நீங்கள். ஒரு உறையை எடுத்து உள்மடிப்பைப் பாருங்கோ. எழுத்து ஆற்றை? திகதி எப்ப?"

அவர் தாமாகவே அலுமாரியைத் திறந்து ஓர் உறையை எடுத்தார். மடிப்பை விரித்தார். யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். இன்னோர் உறை, பின்னர் இன்னொன்று.

"எழுத்து யோகத்தின்ரைதான்," என்றார் மெதுவாக. "திகதி... இவ வாறதுக்கு முந்தி."

தினக்குறிப்பேட்டில் எழுதாதது என் பிழை என்றும், மனு வந்தபின்னும் வாய் திறவாதது அதைவிடப் பெரிய பிழை என்றும் சொன்னேன். ஆனால் அடுக்கிய முறை பிழையில்லை என்றும் சொன்னேன். யன்னல் பக்கம் என் சிறிய தாயார் அமர்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

தவராசா இருந்த இடத்திலிருந்தே கேட்டார்: "அப்ப ஏன் தங்கச்சி நான் அண்டைக்கு உம்மடை மேசையடியிலை நிண்டு நக்கலடிக்கேக்கை பேசாமல் இருந்தனீர்?"

நான் என் கதிரையில் அமர்ந்தேன்.

சிவபாதம் உறைகளைப் பத்திரமாக வைத்துவிட்டுத் திரும்பினார். பெரிதும் குழம்பியிருந்தார். "அப்பிடியெண்டால் பிழை செய்தவ நீர். நாங்கள் போடச் சொல்லி எழுதினதும் உம்மை. அப்ப ஆரைத்தான் போடுறது?" என்றார். கூடம் முழுவதும் சிரித்தது. யன்னல் பக்கமும் வாயிற் பக்கமும் ஒருமிக்க. கணநேரத்தின்பின் அவரும் சிரித்துவிட்டார். அலுவலர் அந்த வேளையைத் தவறவிடவில்லை. மனுவின் அடிப்படை பிழையென்று கண்டமையால் அது விலக்கப்படுகிறதென்றும், நூலகர் பதவியில் தொடர்வார் என்றும் அறிவித்துக் கூட்டத்தை முடித்தார்.

என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தை எப்படிச் சொல்வது? அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய், கிணற்றடியில் நெடுநேரம் நீர் அள்ளிக் குளித்தேன். சிவபாதம் அந்த உறையைக் கண்டதிலிருந்து பதினொரு நாளும் ஒழுங்காக உண்ணாதவள், இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

திங்கள் கழிந்து செவ்வாய் காலை நசீமா என்னை அழைத்தார்.

"அக்கா, நடந்ததை எழுத்திலை விளக்கமாத் தாங்கோ. கோப்பிலை போட வேணும்."

கண்டிப்பில்லை, மன்னிப்புமில்லை. எழுதிக் கொடுத்தேன். தவராசாவின் கேள்வியையும் இம்முறை எழுதினேன். தினக்குறிப்பேட்டின் உரிய பக்கத்தில் சிவப்பு மையால் சேர்க்கை செய்து, காரணம் குறித்து, ஒப்பமிட்டேன். அவரும் ஒப்பமிட்டார்.

மலர்களை என்ன செய்வதென்பதை அவரே தீர்த்தார். பெட்டிகள் நாள் வரிசையிலேயே இருந்தன. குடும்பப் பெயரைக் கொண்டு தேடுவோருக்காக ஓர் அட்டைப் பட்டியலை அகர வரிசையில் ஆக்கினோம். நான் எழுத, அவர் சரிபார்த்தார். ஒவ்வொரு மலரையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தே அவர் அட்டையை ஏற்றுக்கொள்வார். திதி வெண்பாவில் மாதமும், மலரின் மேலட்டையில் ஆங்கில மாதமும் ஒவ்வாத இடங்கள் ஏழைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சிவபாதம் தம் தந்தையாரின் அட்டையைத் தாமே தேடியெடுத்து, திரயோதசி என்று உறுதிசெய்து, கனடாவுக்கு வெற்றிச் செய்தி அனுப்பினார். பல ஆண்டுகளின்பின் சிவபாதத்தின் நினைவு மலரை அவர் இளைய மகன் கொண்டுவந்து தந்தபோது, எந்தத் தட்டில் வைப்பீர்கள் என்று கேட்கவில்லை.

நசீமாவின் கீழ் நான் ஓய்வு நெருங்கும்வரை வேலை செய்தேன். அக்காலத்தில் நூலகராக நான் இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு வந்ததுண்டு. ஒவ்வொரு முறையும் நிம்மதியே அதைத் தொடர்ந்து வந்தது. வாயைத் திறக்காமல் பெற்ற பதவியில், வாயைத் திறக்காமலே இருந்திருக்க வேண்டும். அவர் வீட்டுக்குக் கூரை ஏறியது. குடிபுகும் நாளில் நானும் போயிருந்தேன். பின்னர் உயர்வு பெற்று வேறொரு பெரிய நூலகத்துக்குப் போனார்.

நான் ஓய்வு பெற்ற கிழமையில், நூலகர் மேசையின் அடி இழுப்பறையை ஒழுங்குபடுத்தும்போது ஆறு தாள்கள் கிடைத்தன. நசீமாவின் எழுத்து. தலைப்பு: நினைவு மலர்கள், பொறுப்பேற்கும்போது இருந்த வரிசை. உறை உறையாக, ஆண்டும் மாதமும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. திகதி, அவர் பொறுப்பேற்ற அதே நாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் இரண்டு சுருக்கொப்பங்கள். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. அன்று நான் வாசியாமல் ஒப்பமிட்ட தாள்களில் அவையும் இருந்திருக்கின்றன. அந்தத் தாள்களில் ஒன்றை அவர் மேசையில் வைத்திருந்தால் மனு அன்றே முடிந்திருக்கும்.

எனக்குத் தெரியாதவற்றைச் சொல்லி முடிக்கிறேன். மனுவை இயற்றியவர் யார் என்று தெரியாது. நடராசா அவர்கள் மூன்று தட்டுகளையும் அவ்வாறு வகுத்தபோது அறிந்து வகுத்தாரா, பழக்கத்தால் வகுத்தாரா என்று தெரியாது; அவர் இப்போது இல்லை. நசீமா அந்தத் தாள்களை ஏன் காட்டவில்லை என்றும், நான் எழுந்திராவிட்டால் காட்டியிருப்பாரா என்றும் தெரியாது. ஒருமுறை தொலைபேசியில் அவரிடமே கேட்டேன். "எந்தத் தாள், அக்கா?" என்றார். அவர் மறந்துவிட்டாரா, மறந்ததாகச் சொன்னாரா என்பதும் எனக்குத் தெரியாது.